கார்ட் பழுதில்லை: லினக்ஸுக்கு வைஃபை வந்த கதை

2022 யூலை மாதம். பெற்றோல் வரிசை றோட்டு நீளத்துக்கு நின்றது, பஸ் எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, கம்பஸ் வகுப்புகள் ஓன்லைனுக்கு மாறியிருந்தன. மல்லாவியில் எங்களில் ஒருவரின் வீட்டு விறாந்தையில் மூன்றுபேர் ஒரு பழைய லப்டொப்பைச் சுற்றி இருந்தோம். செக்கன்ட் ஹான்டாக வாங்கியது. விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும் என்பதால் டெபியன் 11 போட்டோம். திரை வந்தது, சத்தம் வந்தது, தமிழ் எழுத்தும் வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. பக்கத்தில் கிடந்த போனின் ஹொட்ஸ்பொட் லப்டொப்பின் கண்ணுக்குத் தெரியவேயில்லை.

தெரிந்த கடை அண்ணையிடம் கொண்டுபோனோம். "தம்பியவை, கார்ட் போட்டுது. இல்லாட்டி லினக்ஸுக்கு இது சரிவராது. விண்டோஸ் அடிச்சுத் தரட்டோ?" என்றார். அவரில் பிழையில்லை. அவரிடம் வருகிற பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான் விடை.

ஆனால் கார்ட் போகவில்லை. டெபியனை நிறுவும்போதே திரையில் ஒரு செய்தி வந்ததும், நாங்கள் அதை வாசிக்காமல் அடுத்ததைத் தட்டியதும் பிறகுதான் ஞாபகம் வந்தது. இந்தக் கருவிக்கு ஒரு ஃபேர்ம்வேர் கோப்பு வேணும், அது கட்டற்ற மென்பொருள் இல்லை என்பதால் எங்களிடம் இல்லை, பென் ட்ரைவில் கொண்டுவாருங்கள் என்று அது சொல்லியிருந்தது. குறைந்தது ஒரேயொரு சின்னக் கோப்பு. அந்தக் கோப்பை எடுக்க இன்ரநெற் வேணும். இன்ரநெற்றுக்கு அந்தக் கோப்பு வேணும்.

கடைசியில் போனை யூஎஸ்பி வயரில் கொழுவி, அமைப்புகளில் யூஎஸ்பி ரெதரிங்கைப் போட்டோம். அப்படிச் செய்தால் கணினி போனை ஒரு வயர் நெட்வேர்க் கார்ட்டாகவே எடுத்துக்கொள்ளும். கோப்பு இறங்கியது, மறுதொடக்கம் செய்தோம், வைஃபை வந்தது. மொத்தம் கால் மணித்தியால வேலை; அதற்காக இரண்டு நாள் அலைந்திருந்தோம்.

பிறகு எங்களுக்குள் எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. அந்தக் கோப்பு ஏன் அங்கே இருக்கவில்லை? ஆர் வைக்கவில்லை? நாங்கள் கலைப்பீடப் பிள்ளைகள். கணினியைத் திறந்து பார்க்கத் தெரியாவிட்டாலும், ஒரு தடை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்த் தேடத் தெரியும்.

பெயர் போட்டு எழுதிய காலம்

ட்ரைவர் என்பது இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் இடையில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர். சிப்பின் எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் அது என்ன செய்யும் என்ற விபரம் தெரிந்தால் ட்ரைவர் எழுதலாம். அந்த விபரம் சிப்பைச் செய்த கம்பனியிடம் இருக்கும். கம்பனி விண்டோஸுக்கு ட்ரைவர் எழுதித் தரும். லினக்ஸுக்கு ஒன்றில் கம்பனி எழுத வேணும், அல்லது விபரத்தை வெளியிட வேணும். இரண்டும் நடக்காவிட்டால் ஆராவது இருட்டில் தடவித்தான் கண்டுபிடிக்க வேணும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கமே இப்படியொரு கருவியில்தான் தொடங்கியது என்று சொல்வார்கள். எம்.ஐ.டி. ஆய்வுகூடத்துக்கு வந்த செரொக்ஸ் லேசர் பிரின்ரரின் மூலநிரலை ரிச்சார்ட் ஸ்டோல்மன் கேட்டார். அதை வைத்திருந்தவர், தரமாட்டேன் என்று கம்பனிக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி மறுத்தார். அந்தக் கோபத்துக்கும் 1983 செப்ரெம்பரில் வந்த குனு திட்ட அறிவிப்புக்கும் தொடர்பு உண்டு.

1991 இல் லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது நெட்வேர்க் கார்ட் பெரிய தலையிடியாக இருக்கவில்லை. அப்போது புழக்கத்தில் இருந்த வயர் ஈதர்நெற் கார்ட்டுகள் எளிமையானவை. நொவெல் கம்பனியின் என்இ2000 வகைக் கார்ட்டுக்குள் இருந்த சிப்பின் விபரக்கொத்தை நஷனல் செமிகொண்டக்ரர் கம்பனி வெளியிட்டிருந்தது. அதை வாசித்து ட்ரைவர் எழுதலாம். நாசாவின் கொடார்ட் நிலையத்தில் வேலை செய்த டொனால்ட் பெக்கர் என்ற ஒருவர் இப்படி ஏராளமான ஈதர்நெற் ட்ரைவர்களை எழுதினார். 1994 இல் அங்கே சாதாரண கணினிகள் பதினாறைக் கோர்த்து 'பேயோவுல்ஃப்' என்ற மலிவான பெருங்கணினியைக் கட்டியபோது அதற்குப் பிடித்த நூலும் இந்த ட்ரைவர்கள்தான். அந்தக் காலத்தில் லினக்ஸ் தொடங்கும்போது திரையில் ஓடும் வரிகளுக்குள் அவருடைய பெயரும் ஓடும்.

லப்டொப்பின் கதை கொஞ்சம் வேறு. அதன் பக்கவாட்டில் செருகும் பிசிஎம்சிஐஏ கார்ட்டுகளை லினக்ஸில் இயங்கவைத்தவர் டேவிட் ஹைன்ட்ஸ். வயர்லெஸ் கார்ட்டுக்கான கட்டளைக் கருவிகளை வருடக்கணக்காகப் பராமரித்தவர் ஜோன் தூரில் என்ற பிரெஞ்சுக்காரர். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஆள், ஒரு பெயர் என்று இருந்தது.

வானொலி வந்ததும் கதவு மூடியது

வைஃபையின் முதல் தரநிலை 1997 இல் வந்தது. 1999 இல் 'பி' வகை வந்ததோடு சாதாரண ஆட்களின் கைக்கும் போனது. வைஃபை கார்ட் என்பது உண்மையில் ஒரு வானொலி. எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு சட்டத்துக்கு உட்பட்டவை. முன்பு வன்பொருளில் இறுக்கி வைத்திருந்த இந்த விடயங்களைக் கம்பனிகள் மெல்ல மெல்ல மென்பொருளுக்கு மாற்றின. மாற்றிவிட்டு, விபரத்தை வெளியிட்டால் ஆட்கள் சட்டத்தை மீறி ஒலிபரப்புவார்கள், அமெரிக்க எஃப்.சி.சி. எங்களைப் பிடிக்கும் என்று காரணம் சொன்னார்கள். போட்டிக் கம்பனி பார்த்துவிடும் என்ற பயமும் கூட இருந்தது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. கார்ட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கணினி வந்தது. அதற்கான நிரல்தான் ஃபேர்ம்வேர். செலவைக் குறைக்க அதைக் கார்ட்டில் நிரந்தரமாகப் பதியாமல் விட்டார்கள். கரன்ட் போனால் கார்ட் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒவ்வொருமுறை கணினியைப் போடும்போதும் இயங்குதளம் அந்தக் கோப்பைக் கார்ட்டுக்கு ஊட்ட வேணும். எங்கள் விறாந்தையில் குறைந்த கோப்பு இந்த வகை.

2003 மார்ச்சில் இன்ரெல் 'சென்ரீனோ' என்று லப்டொப்புக்குள்ளேயே வைஃபையை வைத்து விற்கத் தொடங்கியது. லினக்ஸ் ட்ரைவர் இல்லை. அடுத்த வருடம் இன்ரெல் திறந்த ட்ரைவரைத் தந்தது. ஃபேர்ம்வேர் மூடியபடியே இருந்தது. பல லப்டொப்புகளுக்குள் இருந்த புரோட்கொம் சிப்புக்கு அதுவும் இல்லை.

அந்த இடைவெளியில் வந்தது என்டிஸ்ராப்பர். பொன்ரஸ் ஃபூக்ஸ், கிரிதர் பெம்மசானி என்ற இருவரின் பெயர் இதோடு சேர்ந்தது. விண்டோஸுக்கு எழுதிய ட்ரைவரையே எடுத்து, "நீ விண்டோஸுக்குள்தான் இருக்கிறாய்" என்று அதை நம்பவைத்து லினக்ஸுக்குள் ஓட்டுகிற வேலை இது.

வன்னிக்காரருக்கு இதை விளங்கப்படுத்த வேறு உதாரணம் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள், 1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த சனம் மல்லாவி, துணுக்காய்ப் பக்கமெல்லாம் நிறைந்திருந்த காலத்தில், எங்கள் அப்பாமார் மோட்டார் சைக்கிளைக் கொஞ்சப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பற்றறி தடை என்பதால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். ஓடும், புகைக்கும், எஞ்சின் கெதியில் போகும். என்டிஸ்ராப்பரும் அப்படித்தான். பலருக்கு இன்ரநெற் வந்தது. ஆனால் உள்ளே ஓடுவது என்ன என்று எவருக்கும் தெரியாது, பிழை வந்தால் திருத்த முடியாது, சிலவேளை முழுக் கணினியும் உறைந்துபோகும்.

இரண்டு அறைகள்

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லினக்ஸுக்கு ட்ரைவர் தராத புரோட்கொம்மிடம் ஏற்கெனவே ஒரு லினக்ஸ் ட்ரைவர் இருந்தது. 2002 இறுதியில் லிங்க்சிஸ் கம்பனி டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விற்கத் தொடங்கியது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை 2003 இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஜிபிஎல் உரிமத்தின்படி லினக்ஸை விற்றால் மூலநிரலைக் கொடுக்க வேணும். நெருக்குதல் கூட, அந்த ஆண்டிலேயே லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ நிரலை வெளியிட்டது. அதிலிருந்துதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் முளைத்தது. ஆனால் வைஃபை ட்ரைவர் மட்டும் வாசிக்க முடியாத இயந்திர மொழிக் கோப்பாகவே கிடந்தது. அதாவது லினக்ஸுக்கு ட்ரைவர் எழுத முடியாது என்பதல்ல பிரச்சினை. எழுதியிருந்தார்கள், எங்களுக்குத் தரவில்லை.

அந்த மூடிய கோப்பையே ஒரு தன்னார்வக் கூட்டம் கையில் எடுத்தது. வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு அணி இயந்திர மொழியை வரி வரியாகப் பிரித்து, சிப் என்ன செய்கிறது என்பதைச் சாதாரண மொழியில் விபரமாக எழுதியது. மற்ற அணி மூலக் கோப்பைக் கண்ணாலும் பார்க்காமல், அந்த விபரத்தை மட்டும் வாசித்துப் புதிதாக ட்ரைவர் எழுதியது. இப்படிச் செய்தால் நிரலைக் களவெடுத்தார்கள் என்று வழக்குப் போடுவது கஷ்டம். விபரம் எழுதிய பக்கம் ஜோசப் ஜெசாக், ஜொஹானஸ் பேர்க். ட்ரைவர் எழுதிய பக்கம் ஜேர்மனியின் மிஷேல் பியூஷும் கூட்டாளிகளும். 2005 டிசம்பரில் அறிவித்தார்கள். 2006 யூனில் வந்த லினக்ஸ் 2.6.17 இல் அது சேர்ந்தது.

திகதிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அந்த ட்ரைவர் உலகத்துக்குத் திறந்துவிடப்பட்டு இரண்டு மாதம் ஆகவில்லை, 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதை மூடியது. 2008 நடுப்பகுதியில் மல்லாவி முழுதாக இடம்பெயர்ந்தது. லினக்ஸில் வைஃபை சரியாகிய வருடங்கள் எங்கள் ஊரில் கரன்டே இல்லாத வருடங்கள். 2009 இன் பிற்பகுதியில் துணுக்காய்ப் பிரதேசத்துக்குச் சனம் திரும்பி வந்து, பிறகு கரன்ட் வந்து, போன் கோபுரம் வந்து, லப்டொப் வந்தபோது இந்தச் சண்டைகளெல்லாம் அநேகமாக முடிந்திருந்தன. ஆரோ வெட்டிய பாதையில்தான் நாங்கள் நடந்து வந்தோம். வெட்டினது ஆர் என்று கேட்க எங்களுக்கு 2022 வரை அவசியம் வரவில்லை.

அந்த வெற்றியும் முழு வெற்றி இல்லை. ட்ரைவர் திறந்தது; ஃபேர்ம்வேர் திறக்கவில்லை. அதைப் பிரதி பண்ணிக் கொடுக்கப் புரோட்கொம் அனுமதி தரவில்லை. அதனால் ஒவ்வொரு பாவனையாளரும் விண்டோஸ் ட்ரைவரை இறக்கி, அதற்கென்று எழுதிய ஒரு கருவியால் ஃபேர்ம்வேரை வெட்டியெடுத்துத் தன் கணினியில் வைக்க வேண்டியிருந்தது. பாதை திறந்தாலும் சாமான் கையில்தான் வர வேணும்.

இதே நேரம் அதெரோஸ் சிப்புகளுக்காக இன்னொரு பக்கத்தில் வேலை நடந்தது. ஓப்பன்பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் குடும்ப இயங்குதளக்காரர், மூடிய கோப்பு எதையும் ட்ரைவராக ஏற்கமாட்டோம் என்று அடம்பிடித்தவர்கள். அவர்களில் ரைக் ஃப்ளோற்ரர் அதெரோஸின் மூடிய பகுதியைக் கண்டுபிடித்துத் திரும்ப எழுதினார். அதன் மேல் கட்டிய ஏடிஎச்5கே ட்ரைவர் 2008 இல் லினக்ஸுக்கு வந்தது. அதே வருடம் அதெரோஸ் கம்பனியே தன் புதிய சிப்புகளுக்கு ஏடிஎச்9கே என்ற திறந்த ட்ரைவரை வெளியிட்டது. வெளியில் இருந்து வேலை செய்த லினக்ஸ் ஆட்களைச் சம்பளத்துக்கும் எடுத்தது. 2010 செப்ரெம்பரில் புரோட்கொம்மும் புதிய சிப்புகளுக்குத் திறந்த ட்ரைவரைத் தந்தது. அடைத்து வைத்த விபரத்தை எப்படியும் கண்டுபிடிப்பார்கள் என்றான பிறகு அடைத்து வைப்பதில் இலாபம் இல்லை. செக்கன்ட் ஹான்ட் லப்டொப் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: உள்ளே செருகும் ஏடிஎச்9கே கார்ட்டுகளுக்கு வெளியிலிருந்து ஃபேர்ம்வேர் ஊட்டவே தேவையில்லை. போட்டவுடன் வேலை செய்யும்.

எங்களுக்குள் வந்த சண்டை

இனி எங்கள் விறாந்தைக்கு வருவோம். கம்பனிகள் ஃபேர்ம்வேரைப் பிரதி பண்ண அனுமதி கொடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் கோப்பு ஏன் டெபியனில் இல்லை?

ஏனென்றால் டெபியன் 1997 இல் ஒரு சமூக ஒப்பந்தம் எழுதியது. எங்கள் தொகுதி முழுதும் கட்டற்ற மென்பொருளாகவே இருக்கும் என்பது அதில் முதல் வாக்கு. 2011 பெப்ரவரியில் வந்த டெபியன் 6 இல், லினக்ஸ் கருநிரலோடு ஒட்டியிருந்த மூடிய ஃபேர்ம்வேர்களையும் பிரித்து வெளியே வைத்தார்கள். வேணுமென்றவர்கள் தனியாக எடுக்கலாம். ஃபேர்ம்வேர் சேர்த்த 'உத்தியோகபூர்வமற்ற' பதிப்பு ஒன்றும் இருந்தது. ஆனால் தெரிந்தவர்களுக்குத்தான் அது இருக்கும் இடம் தெரியும்.

இதை வாசித்தபோது எங்களுக்குள் இரண்டு கட்சி.

ஒரு கட்சி சொன்னது: இது வயர் இன்ரநெற் உள்ளவர்கள் எழுதிய சட்டம். வீட்டில் ரவுட்டரும் ஈதர்நெற் வயரும் இருந்தால், கோப்பு இல்லையென்றால் வயரைச் செருகி எடுத்துக்கொள்ளலாம். மல்லாவியில் எங்களுக்கு இருப்பது போன் டேட்டா மட்டும். புதிய மெல்லிய லப்டொப்புகளில் வயர் செருகும் துளையே இல்லை. அவர்களுடைய கொள்கைச் சுத்தத்துக்கு நாங்கள் இரண்டு நாள் கொடுத்தோம். வேறொருவர் அந்த இரண்டு நாளில் லினக்ஸையே விட்டுவிட்டு, களவாக உடைத்த விண்டோஸுக்குப் போயிருப்பார். அதில் எந்தச் சுதந்திரம் மிஞ்சும்?

மற்றக் கட்சி சொன்னது: அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இன்றைக்கு ட்ரைவரே இராது. என்டிஸ்ராப்பர் போதும், எப்படியோ ஓடுகிறதுதானே என்று எல்லாரும் இருந்திருந்தால் புரோட்கொம்மும் அதெரோஸும் இறங்கி வந்திருக்குமா? மண்ணெண்ணெயில் ஓடுகிறதே என்பதற்காகப் பெற்றோல் தடை சரியென்று ஆகிவிடுமா?

இரண்டு பக்கமும் சரி என்று சொல்லித் தப்பிவிட எங்களுக்கு விருப்பமில்லை. கம்பனியை நோக்கிய பிடிவாதம் ஒன்று, பாவனையாளரை நோக்கிய பிடிவாதம் இன்னொன்று. ஓப்பன்பிஎஸ்டிக்காரரும் மிஷேல் பியூஷ் கூட்டமும் பிடிவாதம் பிடித்தபோது, அதன் விலையைத் தங்கள் இரவுகளால் தாங்களே கட்டினார்கள். கையில் ஒரு கருவிகூட இல்லாத அளவுக்கு ஒருவரின் கோப்பைத் தள்ளிவைத்தால், அந்த விலையைக் கட்டுவது கம்பனியும் இல்லை, டெபியன்காரரும் இல்லை. இரண்டு பக்கத்திலும் இல்லாத மூன்றாம் ஆள்.

டெபியன்காரருக்கும் இது விளங்கியது. 2022 ஏப்ரலில் அவர்களுக்குள் ஒருவரான ஸ்டீவ் மக்கின்ரயர் இந்த நிலை பாவனையாளருக்குப் பெரிய இடைஞ்சல் என்று எழுதி விவாதத்தைத் தொடங்கினார். நாங்கள் போனைக் கொழுவிக் கோப்பு எடுத்ததற்கு ஏறத்தாழ மூன்று மாதத்துக்குள், ஒக்ரோபர் தொடக்கத்தில் வாக்கெடுப்பு முடிந்தது. சமூக ஒப்பந்தத்தை மாற்ற மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேணும், அது கிடைத்தது. 2023 யூன் 10 இல் வந்த டெபியன் 12 இன் நிறுவும் பதிப்பில் ஃபேர்ம்வேர் சேர்ந்தே வருகிறது. அதற்கென்று தனிப் பிரிவு வைத்து, இது கட்டற்றது இல்லை என்று அடையாளம் போட்டிருக்கிறார்கள். வேண்டாமென்றால் நிறுத்தலாம். இந்தத் தீர்வு எங்களுக்குப் பிடித்தது. கேட்டில் நிறுத்திவைக்காமல் உள்ளே எடுத்துவிட்டு, மூடியது எது என்பதைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது.

தமிழில் கட்டற்ற மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் எழுத்துரு, மொழிபெயர்ப்பு, எண்ணிம நூலகம் என்று போயிருக்கிறது. நூலகம் திட்டம் 2005 இல் தொடங்கியது, கணியம் இதழ் 2012 இல் வந்தது. இவை இல்லாமல் எங்கள் படிப்பே இல்லை. ஆனால் அந்த எழுத்துக்களை வாசிக்க வலையோடு இணைய வேணும். இணைகிற இடத்தில் நிற்கிற இந்தச் சின்னக் கோப்புகளைப் பற்றி நாங்கள் அதிகம் கதைக்கவில்லை. அதனால்தான் கார்ட் பழுது என்ற தீர்ப்பை இவ்வளவு இலகுவாக நம்புகிறோம்.

ஆராவது உங்களிடமும் கார்ட் போட்டுது என்று சொன்னால் உடனே காசைக் கொடுக்காதீர்கள். லப்டொப்பின் பக்கத்தில் வைஃபைக்கென்று ஒரு சின்ன ஆளி இருக்கிறதா, அது நிறுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போனை வயரில் கொழுவுங்கள். லினக்ஸ் தொடங்கும்போது பதிந்த செய்திகளில் ஃபேர்ம்வேர் என்ற சொல் எந்த வரியில் வருகிறது என்று தேடுங்கள். குறைந்த கோப்பின் பெயரை அந்த வரியே சொல்லும்.

எங்கள் லப்டொப் இப்பவும் ஓடுகிறது. அதில் ஒரு கட்டளை அடித்தால் வைஃபை ட்ரைவரை எழுதியவரின் பெயர் திரையில் வரும். ஃபேர்ம்வேர் கோப்பைத் திறந்து பார்த்தோம். அதில் எவர் பெயரும் இல்லை.